மூண்டுதரம் கூப்பிட்ட வாசிகசாலை

குசுகுசுத்தே ஓர் ஊரை நடுங்க வைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் வாசிகசாலைப் பொறுப்பாளர் மூண்டுதரம். அரசாங்கத்து விதானையார் வெருட்டியும் அசையாத சனம் எங்களுடையது. யானை வந்து வேலியைப் பிடுங்கினாலும் தகரத்தைத் தட்டிக் கலைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கும். அந்தச் சனம் இவருடைய மூச்சுச் சத்தத்துக்குப் பட்டப்பகலில் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தது. நானும் இருந்தேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒட்டுசுட்டானில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காட்டு ரோட்டில் உள்ளே போனால் வருகிற குடியேற்றத் திட்டம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்றவர்கள்தான் எல்லோரும். நான் சங்கக்கடை மனேஜர். மனேஜர் என்றவுடன் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சீனி நிறுப்பவனும் நான், மண்ணெண்ணெய் அளப்பவனும் நான், எலி அடிப்பவனும் நான். என் கடைச் சுவரோடு ஒட்டினது வாசிகசாலை. இரண்டுக்கும் முன்னால் வயல், பின்னால் குளக்கட்டு, குளத்துக்கு அக்கரையில் காடு.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அவருடைய மனைவி எப்படியும் அதைச் சொல்லமாட்டா. நாங்களும் சொல்லவில்லை. பாவிக்காமலே அது பழுதாகிப் போய்விட்டது.

வாசிகசாலைச் சுவரில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை தொங்கியது. அதை எழுதித் தொங்கவிட்டவர் அவர். அதற்குக் கட்டுப்பட்ட ஒரே ஆளும் அவர்தான். கட்டுப்பட்டுக் கட்டுப்பட்டுக் குரலே இறங்கி, உள்ளேயும் வெளியேயும் குசுகுசுப்புத்தான் வந்தது. பஸ்ஸையும் குசுகுசுத்தே மறிப்பார், பஸ் நிற்காது. ஒருநாள் என் கடைக்குள் பாம்பு வந்து என் காலடியில் கிடந்தது. அவர் வாசலில் நின்று ரகசியம் சொல்லுகிற மாதிரி, "தம்பி, பாம்பு" என்றார். எனக்குப் பருப்பு என்று கேட்டது. நான் நிறுக்கத் தொடங்கினேன். அவர் திரும்பவும் அதே குரலில் சொன்னார். நான் இன்னும் கொஞ்சம் பருப்புப் போட்டேன். கடைசியில் பாம்பு அலுத்துப்போய்த் தானாகவே வெளியே போனது.

வாசிகசாலைக்கு நல்ல காலம் ஒன்று இருந்தது. பேப்பர் வந்தால் ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் நீள வாங்கிலில் குந்தியிருந்து கேட்பார்கள். பிறகு சந்தியில் தேத்தண்ணிக்கடைக்காரர் பற்றறியில் ஓடுகிற றேடியோ ஒன்று கொண்டுவந்து வைத்தார். நாளைக்கு வரப்போகிற பேப்பரை அது இன்றைக்கே வாசித்தது. பாட்டும் படித்தது. ஒரு கிழமைக்குள் வாசிகசாலை வாங்கில்கள் காலியாகிவிட்டன. வழக்கமாக வந்தது ஓர் ஆடுதான். அது பேப்பரை வாசித்ததோ இல்லையோ, தின்றது உண்மை.

கிராமச்சங்கச் சேர்மன் ஒருநாள் வந்து வாசலில் நின்று அளவு பார்த்தார். ஆள் வராத கட்டிடம் எதற்கு, சிறுபோகத்துக்கு வருகிற உர மூட்டைகளை அடுக்கலாம் என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். உரம் மழையில் நனைந்தால் சனம் அவரைத்தான் ஏசும். ஆனாலும் அவர் போன பிறகு மூண்டுதரம் என் கடைக்கு வந்து நின்ற நிலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முகத்தில் இரத்தம் இல்லை. அந்தக் கட்டிடத்தைத் தவிர அந்த மனிதருக்கு வேறு எதுவும் தெரியாது. வயலில் இறங்கினால் களையை விட்டுவிட்டு நெல்லைப் பிடுங்குவார்.

"தம்பி, பிழை சனத்தில இல்லை. பகல் முழுக்க வயலுக்க நிக்குதுகள். கை முழுக்கச் சேறு. சேத்துக் கையால புத்தகத்தைத் தொட ஏலாது," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "காதில சேறில்லைத்தானே?" என்றார்.

நான் அதைக் கவலையில் பிதற்றுகிறார் என்று விட்டுவிட்டேன். அவர் வவுனியாவுக்குப் போய்வந்தார். கலியாண வீடுகளுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற ஒருவர் தொழிலை விட்டிருந்தாராம். பஸ்ஸின் மேல்தட்டில் அவரிடம் வாங்கிய ஒரு குழாயும் மைக்கும் பெட்டியும் கார்ப் பற்றறியும் வந்து இறங்கின. குழாயைக் குளக்கட்டோரத்துப் பாலை மரத்தில் இலைகளுக்குள்ளே உயர ஏற்றிக் கட்டினார். வயலில் நிற்பவர்களுக்கு அது தெரியாது. யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. சொன்னதாகத்தான் அவர் பின்னால் சாதித்தார். குசுகுசுத்திருப்பார், யாருக்குக் கேட்கும்?

அடுத்த நாள் உச்சிப்பொழுது. வயல்வேலை செய்பவர்கள் கஞ்சி குடித்துவிட்டு வரம்புகளில் சாய்ந்திருந்தார்கள். காற்று விழுந்துவிட்டது. குருவிச் சத்தம் கூட இல்லை. காடோரத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், பயப்படுகிற நேரம் இருட்டு அல்ல, இந்த உச்சிதான். அப்போது குளக்கட்டுப் பக்கமிருந்து ஒரு மூச்சு வந்தது. மனிதனுடைய மூச்சுத்தான், ஆனால் வயல் முழுவதற்கும் போதுமான மூச்சு. அதற்குப் பிறகு ஒரு குசுகுசுப்பு, வானத்திலிருந்து எல்லோருடைய பிடரிக்குப் பின்னாலும் ஒரே நேரத்தில்:

"அசையாதே. நான் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்."

சனத்துக்கு விருப்பமாக இருக்கும் என்று அவர் தேர்ந்தெடுத்த துப்பறியும் கதை அது. முதல் வரியே அப்படி. அதற்குப் பிறகு அவர் பக்கம் புரட்டிய சத்தம் பெரிய பறவை ஒன்று சிறகடிக்கிற மாதிரி வயலுக்கு மேலால் போனது. களை பிடுங்கிய பெண்கள் கடகங்களை விட்டுவிட்டு ஓடினார்கள். ஓர் எருத்துச் சோடி கலப்பையோடு குளத்துக்குள் இறங்கி நின்றுவிட்டது. நான் கோதுமை மா மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருந்து வாசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்தான். பயம் வந்த நேரத்தில் சுவர் நினைவுக்கு வராது.

அன்று பின்னேரம் ஊருக்கு விஷயம் விளங்கியது. சிரித்தார்கள், ஏசினார்கள், மரத்தில் ஏறிக் குழாயைத் தொட்டுப் பார்த்தார்கள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் மறுநாள் அவர், புத்தகம் கேட்டிருந்த கணபதிப்பிள்ளைக்கு அறிவித்தல் கொடுத்தார். "கணபதிப்பிள்ளை. வாசிகசாலைக்கு வரவும்." ஒரே ஒரு தரம்.

இதில்தான் அவர் பிழை விட்டார். முகம் தெரியாத ஒரு குரல் காட்டுப்பக்கமிருந்து உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வாய் திறக்கக் கூடாது. பேய் ஒரு தரம் கூப்பிடும், மிஞ்சினால் இரண்டு தரம். மூன்றாவது தரம் கூப்பிட மனிதப் பிறவிக்குத்தான் முடியும். எங்கள் பக்கத்தில் பால் மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது. கணபதிப்பிள்ளைக்குக் குழாயைத் தெரியும், கூப்பிட்டவர் யார் என்றும் தெரியும். இருந்தும் உடம்பு கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு காய்ச்சலில் படுத்துவிட்டார். ஐயனார் கோயில் பூசாரியார் வந்து நூல் கட்டினார். கட்டிவிட்டு நேரே வாசிகசாலைக்குப் போனார்.

"மூண்டுதரம் கூப்பிடும். அப்பத்தான் நீர் மனிசன் எண்டு சனத்துக்குத் தெரியும்," என்றார்.

மூண்டுதரம் மூண்டுதரமானது இப்படித்தான். அவருக்கு ஒரு விதி கிடைத்தால் போதும், அதற்குள் குடிபோய்விடுவார். மறுநாளிலிருந்து பெயர்கள் மூன்று தரம், கதையின் தலைப்பு மூன்று தரம், 'வாசிப்பு முடிந்தது' என்பதும் மூன்று தரம். பழக்கம் மைக்கோடு நிற்கவில்லை. கடைக்கு வந்து, "தேயிலை, தேயிலை, தேயிலை" என்பார். வீட்டிலும் அப்படித்தானாம். அவருடைய மனைவி ஒருநாள் என்னிடம் வந்து, "அவர் சோறு கேட்டா மூண்டு கோப்பை போடுறதோ ஒண்டு போடுறதோ எண்டு தெரியேல்லைத் தம்பி," என்று அழாக்குறையாகச் சொன்னா.

சனம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வயலில் கஞ்சி குடிக்கிற நேரம் கதை கேட்கிற நேரமாகிவிட்டது. வாய்விட்டுக் கேட்கவும் தொடங்கினார்கள். ஒருத்தி பிள்ளைக்கு வருகிற பேதிக்கு என்ன செய்வது என்று புத்தகத்தில் பார்த்து வாசிக்கச் சொன்னா. ஒருவர் நெல்லுக்கு வருகிற மடிச்சுக்கட்டிப் புழுவைப் பற்றிக் கேட்டார். எழுத வாசிக்கத் தெரியாத மனிதர்கள் வாசிகசாலை அங்கத்தவர்களானார்கள். மாடு பார்க்கப் போன கணவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சொல்லிக் கூட வந்தார்கள். கூப்பிட்டார். அவர்களும் மூன்றாவது தரத்துக்கு "ஓ" என்று பதில் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். சேர்மன் உர மூட்டைக் கதையை விட்டுவிட்டார்.

அப்போதுதான் பொன்னம்மா வந்தா.

அவவுடைய கணவர் இராசையா முந்தின மாரியில் தவறின எருமையைத் தேடிக் குளத்துக்கு அக்கரைக் காட்டுக்குள் போனவர். திரும்பவில்லை. ஊர் திரண்டு போய்த் தேடியது. நானும் போனேன். எருமை தானாக வீட்டுக்கு வந்துவிட்டது, ஆள் வரவில்லை. யானை என்றார்கள், கரடி என்றார்கள். செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டியை இனிச் செய்துவிடு என்று அவவுடைய அண்ணன்மார் நெருக்கினார்கள். பொன்னம்மா பொட்டை அழிக்க மறுத்துவிட்டா. கண்ணால் காணாமல் எப்படி அழிப்பது என்று கேட்டா.

நான் அன்று பேப்பர் பார்க்க வாசிகசாலைக்குள் இருந்தேன். அவ வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"அண்ணை, எல்லாற்ற பேரையும் கூப்பிடுறியள். இவற்ற பேரையும் ஒருக்காக் கூப்பிடுவியளோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார்.

"இராசையா எங்கட அங்கத்தவர்தானே தங்கச்சி," என்றார். "பேர் வெட்டேல்லை. கூப்பிடுறன்."

அன்று உச்சிக்கு வயலில் சாய்ந்து கிடந்த சனம் முதலில் கவனிக்கவில்லை. "இராசையா. வாசிகசாலைக்கு வரவும்." இரண்டாவது தரத்தில் எழும்பி இருந்தார்கள். மூன்றாவது தரம் முடிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள், குளத்துக்கு அக்கரைப் பக்கம்.

பூசாரியார்தான் விஷயத்தை விளக்கினார். விளக்காமல் விட்டிருந்தால் நல்லது. மூன்றாவது கூப்பீட்டுக்கு உயிரோடு இருப்பவன் பதில் சொல்ல வேண்டும், அது சட்டம். அப்படியென்றால் செத்தவனை உயிரோடு இருப்பவன் மூன்று தரம் கூப்பிட்டால்? அவனும் சொல்லத்தானே வேண்டும்? சொல்லாமல் இருக்க அவனுக்கு என்ன உரிமை? வேண்டாமென்று இருப்பவனையும் அந்தக் கூப்பீடு இழுத்துக்கொண்டுதான் வரும்.

மூண்டுதரம் விடவில்லை. ஒவ்வொரு உச்சிக்கும் கதை முடிந்ததும் அந்தப் பெயர். அந்த நேரத்தில் தேத்தண்ணிக்கடைக்காரர் றேடியோவைக் கூட நிறுத்திவிடுவார், பதில் வந்தால் கேட்கட்டும் என்றோ வரக்கூடாதென்றோ தெரியாது. நான் தராசைப் பிடித்தபடி நிற்பேன். சாமான் வாங்க வந்தவர்களும் அப்படியே நிற்பார்கள். அந்தப் பெரிய குசுகுசுப்பு தண்ணீருக்கு மேலால் போய் மரங்களில் பட்டு, கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் வேறு மாதிரித் திரும்பி வரும். பொன்னம்மா ஒவ்வொரு நாளும் பாலை மரத்தடியில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போவா.

கட்டோரத்து வயல்களில் இறங்க ஆள் வரவில்லை. களை நெல்லை மூடியது. வாசிகசாலைப் பக்கம் பிள்ளைகளை விடமாட்டார்கள். வாங்கில்கள் திரும்பவும் காலி. ஆடு கூட வரவில்லை, அதையும் யாரோ கட்டிவைத்துவிட்டார்கள்.

சேர்மன் உழவு மெஷினில் வந்து இறங்கினார். கோபமாக வரவில்லை, பயந்துபோய் வந்திருந்தார்.

"அந்த ஒரு பேரை மட்டும் விடுங்கோ. மிச்சத்தை நடத்துங்கோ, நான் குறுக்க நிக்கேல்லை," என்றார். "இல்லையெண்டால் நாளைக்குப் பின்னேரம் வாசிகசாலைப் பூட்டின்ர திறப்பைத் தர வேண்டி வரும். சனம் என்னை விடாது."

"அவர் அங்கத்தவர்," என்றார் மூண்டுதரம்.

"செத்த மனிசன் ஐயா."

"செத்தவர் எண்டால் அவற்ற மனிசி வந்து சொல்ல வேணும். அவா கூப்பிடச் சொல்லிக் கேக்கிறா."

சேர்மன் என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன். அவர் குழாயை இறக்குவித்து, பற்றறியையும் பெட்டியையும் மைக்கையும் உழவு மெஷினில் ஏற்றிக்கொண்டு போனார். மூண்டுதரம் எதிர்க்கவில்லை. வயர் சிக்குப்படாமல் சுற்றிக் கூடக் கொடுத்தார்.

அன்று சேர்மன் போன பிறகு நான் வாய்விட்டுக் கேட்டேன். "அண்ணை, ஒரு பேர்தானே. விட்டால் வாசிகசாலை மிஞ்சும். உங்களுக்கும் வேற தொழில் தெரியாது."

"விடலாம் தம்பி," என்றார். "ஆனா நாளைக்கு உச்சிக்கும் அந்தப் பிள்ளை பொன்னம்மா மரத்தடியில வந்து நிக்கும்."

மறுநாள் உச்சி. குழாய் இல்லாதபடியால் ஊர் நிம்மதியாக இருந்தது. வெகுநாளுக்குப் பிறகு கட்டோர வயல்களில் ஆட்கள் இறங்கியிருந்தார்கள். பொன்னம்மா வழக்கம் போல் வந்து மரத்தடியில் நின்றா. மூண்டுதரம் வாசிகசாலைக் கதவைச் சாத்திவிட்டுக் குளக்கட்டில் ஏறினார். நான் ஏன் பின்னால் போனேன் என்று தெரியாது. அவர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றார். பிறகு வாயைத் திறந்தார்.

"இராசையா…"

அப்படி ஒரு குரல் அந்த உடம்புக்குள் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவ்வளவு காலமும் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்த குரல். குளத்தில் நின்ற கொக்குகள் எழும்பின. வயலில் ஒருவர் "ஐயோ" என்றது கேட்டது. அவர் இரண்டாவது தரம் கூப்பிட்டார். குரல் பிளந்தது. மூன்றாவது தரம் கூப்பிட்டபோது முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்துவிட்டார்.

வழக்கமாகத் திரும்பி வருகிற எதிரொலி வந்து அடங்கியது. கொக்குகள் அக்கரையில் இறங்கப் போய், இறங்காமல் திரும்பின.

"ஓ…"

அக்கரைக் காட்டுக்குள்ளிருந்து வந்தது. உரத்த குரல் இல்லை. நோவோ பயமோ அதில் இல்லை. கைவேலையாக நிற்கிற ஒரு மனிதன், வாறன் பொறு என்கிற பாவனையில் கொடுக்கிற "ஓ". ஒரு தரம்தான். நான் மூண்டுதரத்தின் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது மூடியிருந்தது. பொன்னம்மாவைப் பார்த்தேன். அவ இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தா. வயலில் நின்ற எல்லோரும் கேட்டார்கள். கேட்கவில்லை என்று பிறகு சத்தியம் செய்தவர்கள்தான் முதலில் ஓடினவர்கள்.

பொன்னம்மா குளக்கட்டில் ஏறி வந்தா. அழுதுகொண்டுதான் வந்தா, ஆனால் முகம் வேறு மாதிரி இருந்தது.

"கேட்டுட்டன் அண்ணை. அவர்தான். சாப்பிடக் கூப்பிட்டா உப்பிடித்தான் சொல்லுவார்." கொஞ்ச நேரம் அக்கரையைப் பார்த்தா. "இனிக் கூப்பிடாதையுங்கோ. அவருக்குச் சொல்லிப்போட்டுப் போக ஆள் கிடைக்கேல்லை. இப்ப சொல்லிப்போட்டார். இனி விடுவம்."

ஆண்கள் வேட்டைத் துவக்கோடும் தகரத்தோடும் அக்கரைக்குப் போனார்கள். தேன் எடுக்க வந்த எவனாவது கத்தியிருப்பான் என்றார்கள். தேன் எடுக்கிறவனையும் காணவில்லை, அவனுடைய தீப்புகையையும் காணவில்லை. குரங்கு என்றார் சேர்மன். எந்தக் குரங்கு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. நான் இந்த வயதில் உங்களுக்கு ஒன்றைத்தான் சொல்லலாம். நான் கேட்டேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பொன்னம்மா அந்தக் கிழமையே தன் கையால் பொட்டை அழித்து, அந்தியேட்டியைச் செய்வித்தா. பிறகு அண்ணன்மாரோடு காணியில் இறங்கி வேலை செய்தா. அவ நிமிர்ந்து நடந்ததை அதற்குப் பிறகுதான் நான் கண்டேன்.

திறப்பைக் கேட்க வந்த சேர்மனுக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை. மூண்டுதரமே எடுத்துக் கொடுத்தார். புத்தகங்களைப் பெட்டிகளில் கட்டினார்கள். உர மூட்டைகள் வந்து இறங்கின. அவர் மனைவியை முன்னதாக அனுப்பிவிட்டு, கனகராயன்குளத்தில் இருந்த தமையனிடம் போகத் தயாரானார். பஸ் வரும்வரை என் கடையில்தான் இருந்தார். தொண்டை கட்டிப்போய்க் குசுகுசுப்புக் கூடச் சரியாக வரவில்லை. நான் அவரிடம் கேட்டேவிட்டேன், அது ஆர் அண்ணை என்று.

"எனக்கு எப்பிடித் தெரியும் தம்பி?" என்றார். "வாசிகசாலைக்கு வந்த ஆள், புத்தகம் கேக்கிற மாதிரி ஒண்டைக் கேட்டுது. இருக்கோ எண்டு பாத்தன். இருந்துது."

பஸ் வந்தது. அவர் குசுகுசுத்து மறித்தார். பஸ் நிற்கவில்லை. நான்தான் கத்திக்கொண்டு ஓடிப்போய் மறித்து ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வாசிகசாலைகளில் அங்கத்தவனாக இருந்துவிட்டேன். பெரிய கட்டிடங்கள், மின்விசிறிகள், கண்ணாடி அலுமாரிகள். நோய் வருத்தத்தில் படுத்து மாதக்கணக்காகப் போகாமல் விட்டபோது எல்லா இடத்திலும் என் பெயரை வெட்டினார்கள். அது அவர்களுடைய விதி, குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் வராமல் போனால் தன் தொண்டை பிளக்க என்னைத் தேடுகிற ஒரு மனிதர் இருந்த வாசிகசாலைக்குப் பக்கத்தில் நான் கடை வைத்திருந்தேன் என்பதை நினைத்தால், இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.